நிரம்பி வழியும்வரை

பேனா எழுதவில்லை. தனசேகர் உதறிப் பார்த்தார். தண்ணீர் லாரியின் ஸ்டியரிங் மேல் விரித்து வைத்திருந்த டைரியின் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார். கிறுக்கலும் விழவில்லை. குழாயைத் தூக்கி மாட்டிவிட்டு வந்த ஈரக்கை, முதல் வார்த்தை வருவதற்கு முன்னாலேயே தாளில் ஒரு வட்டமாக இறங்கி உட்கார்ந்துவிட்டது.

“இன்னாண்ணா, பரீட்சையா?”

பின்னால் நின்ற லாரியிலிருந்து கிட்டு இறங்கி வந்திருந்தான். தன் முறைக்காகக் காத்திருந்தான்.

“உன் வேலைய பாருடா.”

“உன்ன பாத்துகினு நிக்கறதுதான் என் வேலையே. நீ ரொப்பிகினு போனாதான எனுக்குத் தண்ணி. எழுதுண்ணா, எழுது. பாஸாயிட்டா சாக்லேட்டு குடு.”

தனசேகர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். டைரியையும் மூடி, கண்ணாடிக்குக் கீழே எறிந்தார்.

அவர் வாயைத் திறந்து மூடியதுதான் செய்தி. கோவிலம்பாக்கத்தில் அதைப் பார்த்தவர்கள் குறைவு. தனசேகர் வீட்டில் கத்தினால் மேடவாக்கம் கூட்ரோட்டில் பஸ் நிற்கும் என்பார்கள். சின்ன வயதிலிருந்து மோட்டார் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய தொண்டை. மோட்டாரை அணைத்த பிறகும் அது இறங்குவதில்லை. அவருடைய அப்பா நெல் போட்ட நிலத்தில் இப்போது அடுக்குமாடிகள் நிற்கின்றன. மிச்சம் இருப்பது ஒரு வீடு, ஒரு கிணறு, லாரி திரும்புகிற அளவுக்கு இடம். அந்த அடுக்குமாடிகளுக்கே அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றுகிறார். அதில் அவருக்கு வருத்தம் ஏதும் கிடையாது. “அப்போ நெல்லுக்கு ஊத்தினோம், இப்போ ஷவருக்கு ஊத்தறோம். தண்ணிக்கு இன்னா தெரியும்?” என்பார். அதையும் கத்தித்தான் சொல்வார்.

போன வருஷம் பெருங்களத்தூரிலிருந்து மகள் சத்யப்ரியாவைப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “உங்க கெணத்துத் தண்ணியா இது? லேசா உப்பு கரிக்குதே,” என்றார். தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். எதிர்வீட்டு நாய் கட்டை அறுத்துக்கொண்டு ஓடியது. வந்தவர்கள் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டே காரில் ஏறினார்கள்.

சத்யப்ரியா அழவில்லை. குரோம்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க அடுத்தவர் உடம்புக்குள் பார்ப்பவள். மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போனாள். ஆனால் இந்த வருஷம் பீர்க்கன்கரணையிலிருந்து உதயா என்ற பையனின் சம்பந்தம் வந்து, இருவருக்கும் பிடித்துப்போய், நிச்சயத்துக்கு நாள் குறித்ததும், சமையற்கட்டு வாசலில் நின்றபடி சொன்னாள்:

“நிச்சயத்துக்குச் சிட்டிபாபு மாமா தட்டு மாத்தட்டும்.”

நிச்சயத்தன்று இரண்டு வீட்டு அப்பாக்களும் எதிரெதிரே உட்கார்ந்து வெற்றிலை பாக்குத் தட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். அப்பா இல்லாத பெண்ணுக்குத்தான் மாமன் மாற்றுவான். தனசேகர் எதிரே பனியனோடு நின்றுகொண்டிருந்தார்.

“நான் இன்னா செத்தா பூட்டேன்?”

“கத்தாதப்பா.”

“நான் கத்தல!” என்று கத்தினார்.

மனைவி கோகிலவாணி அடுப்பைச் சின்னதாக்கினாள். எந்தப் பக்கமும் பேசவில்லை. அதுதான் அவரைச் சுட்டது. முப்பது வருஷமாகக் கூட வாழ்ந்தவள், “அப்பாவ அப்படிச் சொல்லாதடி” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“அதுவரைக்கும் கத்தாம இருந்து காட்டு,” என்றாள் சத்யப்ரியா. “இருந்தீன்னா நீயே மாத்து. ஒரு தடவ கத்தின, மாமாதான்.”

சிட்டிபாபு, கோகிலவாணியின் தம்பி, பல்லாவரத்தில் இருக்கிறான். சேதி கேட்ட அன்றே பட்டுச் சட்டை வாங்கிவிட்டான். போட்டுப் பார்த்து போட்டோவும் அனுப்பினான்.

சத்யப்ரியா அப்பாவைச் சும்மா விடவில்லை. சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில், மருந்துக்கடை மாடியில் ஞானஜோதி என்று ஒரு மேடம் இருந்தாள். மனசு சரியில்லாதவர்களிடம் பேசுகிறவள். கூட்டிப்போன மகளிடம் தனசேகர் படியேறும்போதே, “எனுக்குப் பைத்தியம்னு சொல்லப் போறியா?” என்று கேட்டார். அதை மெதுவாகத்தான் கேட்டார். மருந்துக்கடைக்காரர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

ஞானஜோதி அதிகம் பேசவில்லை. “கோவத்த முழுங்காதீங்க சார். வெளியேயும் கொட்டாதீங்க. எழுதுங்க,” என்றாள்.

“எதுல மேடம்?”

“எதுல வேணாலும். நோட்டு, போன், பேப்பர். சிலருக்கு ஒண்ணு ஒத்து வரும், சிலருக்கு வராது. உங்களுக்கு எது செட் ஆகுதுன்னு நீங்களேதான் கண்டுபிடிக்கணும்.”

செட் ஆகும் என்ற சொல் தனசேகருக்குப் புரிந்தது. லாரிக்கு ஒரு வால்வு மாற்றினாலும் அதைத்தானே பார்க்கிறோம்.

சத்யப்ரியா முதலில் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தாள். கனமான அட்டை, வெண்ணெய் நிறத் தாள், மூலைக்கு மூலை பூ. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், இன்று எதற்கெல்லாம் நன்றி சொல்கிறீர்கள் என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. முதல் நாள் கரண்ட், மோட்டார் என்று எழுதினார். இரண்டாம் நாள் மறுபடியும் கரண்ட் என்று எழுதினார். மூன்றாம் நாள் நிஜமாகவே கோபம் வந்தபோது, தண்ணீர் கேட்டுவிட்டுப் போனை எடுக்காதவனுடைய பரம்பரையை அந்தப் பூவுக்குப் பக்கத்தில் எழுதக் கை வரவில்லை. கல்யாண வீட்டு விரிப்பில் செருப்போடு நிற்பதுபோல் இருந்தது. அதற்குப் பதிலாக, அன்று ரசம் ரசமாக இல்லை என்று எழுதிவைத்தார். நோட்டு டிவி மேல் இருந்தது. வீட்டில் டிவி மேல் இருப்பது எல்லாருக்கும் பொது. கோகிலவாணி தூசி தட்டும்போது படித்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் ரசமே இல்லை.

“கத்தலயே நானு. எழுதனேன் அவ்ளதான்,” என்றார்.

“கத்தியிருந்தா அன்னிக்கே மறந்திருப்பேன். எழுதி வச்சிருக்கீங்க,” என்றாள்.

அடுத்தது போன். எழுதவே வேண்டாம், பேசிவை என்றாள் மகள். லாரியை ஓரங்கட்டி, கண்ணாடியை ஏற்றி, வாயருகே போனை வைத்துப் பேசினார். அன்றைக்கு ஆர்.டி.ஓ., போலீஸ், டீசல், கிட்டு எல்லாம் வந்தது. மனசு லேசானது. அனுப்பும் இடத்தில் விரல் பட்டு, பதிவு தண்ணீர் லாரி உரிமையாளர்கள் குழுவுக்குப் போனது. மாலைக்குள் ஊரே கைதட்டும் படம் அனுப்பியிருந்தது. கிட்டு மட்டும், ‘என்னப் பத்தி இன்னும் கொஞ்சம் சேத்துப் பேசியிருக்கலாம்ணா’ என்று அனுப்பியிருந்தான்.

மூன்றாவதுதான் சிமென்ட் கம்பெனி டைரி. பாக்கெட்டில் வைக்கலாம், லாரியில் எழுதலாம் என்று கணக்குப் போட்டார். அதற்கு வேறு ஒரு குணம் இருந்தது. எழுதாத நாள் தேதியோடு வெறுமனே கிடக்கும். புரட்டும்போதெல்லாம் ‘அன்னிக்கு எங்கே போன’ என்று கேட்கும். கோபம் வராத நாளில் என்ன எழுதுவது? வந்த நாளில் கை ஈரம். தாள் ஒட்டிக்கொண்டது, பேனா செத்துப்போனது. கிட்டு பரீட்சையா என்று கேட்டது அந்தக் காலையில்தான்.

அந்தக் காலைக்கு அப்புறம் ஒரு மத்தியானம் வந்தது.

மேடவாக்கத்தில் ஒரு குடியிருப்பு. செயலாளர் யக்ஞநாராயணன் என்பவர் கண்ணாடி டம்ளரில் தண்ணீரைப் பிடித்து வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். டம்ளரை இப்படித் திருப்பினார். அப்படித் திருப்பினார். “கலர் ஒரு மாதிரி இருக்கே,” என்றார். பிறகு அதே டம்ளரை அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுத்தார். அவரும் தூக்கிப் பார்த்தார்.

தனசேகர் குழாயை அவிழ்த்தார். தண்ணீரை இறக்கினார். லாரியை எடுத்தார்.  கோவிலம்பாக்கம் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்ததில் தாடை வலித்தது. கிணற்றடியில் நிறுத்தி, குழாயை மேலே மாட்டி, மோட்டாரைப் போட்டுவிட்டு லாரியின் பின்பக்கம் வந்தார். ஒவ்வொரு லோடுக்கும் டேங்கின் முதுகில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவது வழக்கம். எல்லா லாரியிலும் உண்டு. கோட்டைப் போட்டார். கை நிற்கவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில், டேய் யக்ஞநாராயணா என்று எழுதினார். அந்தப் பெயரை எழுதி முடிப்பதற்குள்ளேயே பாதிக் கோபம் போய்விட்டது. மீதிப் பாதிக்கு, கரும்நீல டேங்கின் முதுகு முழுவதையும் எடுத்துக்கொண்டார். பின்படியில் ஏறி நின்று, உள்ளங்கை அகல எழுத்தில், தோள் வலிக்க எழுதினார். தாளில் எழுதினால் விரல்தான் எழுதும். இதில் தோளும் இடுப்பும் காலும் சேர்ந்து எழுதின.

முடித்து இறங்கியபோது டேங்கு நிரம்பியது. மேல்மூடியிலிருந்து தண்ணீர் பொங்கி முதுகில் இறங்கியது. வெள்ளை எழுத்து முதலில் கறுத்தது. பிறகு கரைந்து ஒழுகியது. பிறகு வெறும் நீல டேங்கு, ஈரமாக.

தனசேகர் மோட்டாரை அணைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். தண்ணீர் வீணாகப் போனது. அவர் தண்ணீரை வீணாக விட்டதை அன்றுதான் கிணறு பார்த்தது.

அன்றிலிருந்து அவருக்கு அதுதான். காலையில் முதல் லோடு ரொம்புகிற நேரம் எழுதும் நேரம். கொஞ்ச நாளில் அதற்கு ஒரு நறுவிசு வந்தது. மேடவாக்கத்துப் புத்தகக் கடையில் கிடைக்கும் தடித்த சாக்பீஸ்தான் சரி, மெல்லியது டேங்கின் வளைவில் ஒடிந்துவிடும். கலர் சாக்பீஸ் கூடாது, ரோஸில் திட்டினால் கோலம் மாதிரி இருக்கிறது. எழுதுவதற்கு முன் பழைய துண்டால் முதுகைத் துடைத்துக் காயவிட வேண்டும். எழுதியதைத் திரும்பப் படிக்கக் கூடாது. எழுதாத நாளில் டேங்கு ஒன்றும் கேட்காது. கோபம் மட்டும்தான் என்றும் இல்லாமல் போனது. ஒருநாள், சத்யா இன்னிக்கி அவளே காபி போட்டுக் குடுத்தா என்று எழுதினார். இன்னொரு நாள் எழுத ஒன்றுமில்லாமல் தன் பெயரையே பெரிதாக எழுதி, தண்ணீர் அதை எடுத்துப் போவதைப் பார்த்தார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

வீட்டில் சத்தம் குறைந்தது. முதலில் கவனித்தது எதிர்வீட்டு நாய். வாசலில் வந்து படுக்க ஆரம்பித்தது.

ஞானஜோதி அடுத்த முறை, “எழுதினத கொஞ்சம் காட்ட முடியுமா சார்?” என்று கேட்டாள்.

“கழுவிட்டேன் மேடம்.”

“கழுவிட்டீங்களா?”

விளக்கினார். கையை வீசி, படியில் ஏறுவதுபோல் காலைத் தூக்கி, தண்ணீர் இறங்குவதை இரண்டு கையாலும் காட்டினார். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். “இது எந்தப் புத்தகத்துலயும் இல்ல சார்,” என்றாள். படியிறங்கும்போது தனசேகர் மருந்துக்கடைக்காரருக்கு வணக்கம் வைத்தார்.

நிச்சயத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி, உதயாவின் அப்பா குமரவேல் வந்தார். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் ஜல்லி, மணல், கம்பி வியாபாரம். மெதுவாகப் பேசுகிறவர். மீசை ஒரு முடி நரைக்காமல் கருகருவென்றிருக்கும். கோகிலவாணி கொடுத்த காபியைக் குடித்து முடித்துவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“சம்பந்தி, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“உங்க தெரு பூரா சேறு. எல்லாம் லாரியில ஒழுகற தண்ணி. நிச்சயத்துக்கு எங்க வூட்டுப் பொம்பளைங்க பட்டுப் பொடவைல வர்றாங்க. ரெண்டு லோடு ஜல்லி கொட்டிடுங்களேன்.”

உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றது. சத்யப்ரியா கதவருகே வந்துவிட்டாள் என்று தனசேகருக்குத் தெரிந்தது.

“கொட்டிடலாம் சம்பந்தி,” என்றார்.

மறுநாள் காலை விடிந்தும் ‘சேறு’ என்ற சொல் அவரை விடவில்லை. முதல் லோடு. முதுகைத் துடைத்தார். ஏறினார்.

குமரவேலு, சேறு உனுக்குத்தான் தெரியுதா? பீர்க்கன்கரணை ஏரில இன்னா பன்னீரா ஓடுது? ஜல்லி நீ விப்ப, நான் கொட்டணுமா? மீசைக்குப் பூசற மைய ரோட்டுக்குப் பூசு, பளபளன்னு கெடக்கும்.

கடைசி வரியை எழுதியதும் அவருக்கே சிரிப்பு வந்தது. இறங்கி, நாலடி பின்னால் போய் நின்று பார்த்தார். நன்றாக இருந்தது. எழுத்து நேராக இருந்தது, மை என்ற இடத்தில் சாக்பீஸ் நன்றாக அழுந்தியிருந்தது. எழுதியதைத் திரும்பப் படிக்கக் கூடாது என்ற தன் சட்டத்தை அவர் மீறியது அன்றுதான். இரண்டு முறை படித்தார்.

அப்போது கரண்ட் போனது.

மோட்டார் இழுத்து நின்றது. டேங்கு முக்கால். சேலையூரில் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து போன் வந்தது. பந்திக்கு இலை போட்டாச்சு, கை கழுவத் தண்ணி இல்ல, இருக்கறத கொண்டாங்க என்றார்கள். தனசேகர் குழாயை உருவி, மூடியைச் சாத்தி, முன்பக்கம் ஓடி ஏறினார். பின்னால் துடைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அத்தனை நாளும் துடைத்தது தண்ணீர்தான்.

மேடவாக்கம் தாண்டியதும் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு முந்தின. முந்தியவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சந்தோஷபுரத்தில் ஸ்கூட்டியில் போன இரண்டு பெண்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஊர் நல்ல மனநிலையில் இருக்கிறது என்று நினைத்து அவரும் கையைத் தூக்கினார். கேம்ப் ரோடு நெரிசலில் பைக்கில் வந்த ஒருவன் ஜன்னலோரம் வந்து நின்றான்.

“சார், யாரு சார் அந்தக் குமரவேலு?”

“இன்னா?”

“பாவம் சார். வுட்ருங்க சார்.”

தனசேகர் நடுரோட்டில் இறங்கிப் பின்னால் போனார். வெயிலில் காய்ந்த எழுத்து பளிச்சென்று இருந்தது. துண்டால் தேய்த்தார். பின்னால் நின்ற பஸ்ஸில் முன் சீட்டுக்காரர்கள் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

மண்டபத்தில் தண்ணீர் இறக்கி முடிப்பதற்குள் கிட்டு கூப்பிட்டுவிட்டான். “அண்ணா, போட்டோ நம்ம குரூப்புக்கே வந்திரிச்சி. மை மேட்டர் சூப்பர்ணா. ஆனா நீ செத்த.”

சாயங்காலம் குமரவேல் ஸ்கூட்டரில் வந்தார். சேற்றில் காலை ஊன்றி இறங்கியதில் ஒரு செருப்பு அங்கேயே நின்றுவிட்டது. ஒற்றைச் செருப்போடு வாசலுக்கு வந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதருடைய தொண்டைக்குள் அப்படி ஒரு கீச்சுக் குரல் இருந்தது யாருக்கும் தெரியாது.

“யோவ்! யாருய்யா மை பூசறான்? யாரு?”

“வாங்கண்ணா, உள்ள வந்து உக்காருங்க,” என்றாள் கோகிலவாணி.

“உக்கார வரலம்மா! எங்கடைல வேல செய்யறவன் போன்ல பாத்துட்டு என் மூஞ்சியப் பாத்துச் சிரிக்கறான்! தம்மாத்தூண்டு லாரிய வச்சிகினு இந்த மனுஷனுக்கு இவ்ளோ திமிரு! பொண்ணு குடுக்கற மொறையா இது?”

தெரு கூடிவிட்டது. கிட்டு தன் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி நின்றான். சத்யப்ரியா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். தோளில் பையோடு நிலைப்படியில் நின்றாள். குமரவேலை அவள் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள்.

தனசேகருக்குத் தொண்டை நிரம்பியது. தம்மாத்தூண்டு லாரி என்றது ஒன்று போதும். பதில்கள் வரிசையாக வந்து நின்றன, ஒன்றைவிட ஒன்று நல்ல பதில். வாயைத் திறந்தால் பஸ் நிற்கும். திறந்தார்.

“எழுதனது நான்தான் சம்பந்தி. தப்புதான்.”

அது பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் கேட்டது.

“தெரியுதுய்யா நீதான்னு! எதுக்கு எழுதின?”

“உங்க மேல கத்தக் கூடாதுன்னுதான்.”

 தனசேகர் சேற்றில் இறங்கி, அவருடைய செருப்பைப் பிடுங்கி, ஓரத்துப் புல்லில் தட்டி, அவர் காலருகே வைத்தார். “பின்னால வாங்க. ஒரு நிமிஷம்.”

கிணற்றடியில் லாரி நின்றது. கரண்ட் வந்திருந்தது. குழாயை மாட்டி மோட்டாரைப் போட்டார். துண்டால் டேங்கின் முதுகைத் துடைத்தார். சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து நீட்டினார்.

“எழுதுங்க.”

“என்னத்த?”

“என்னப் பத்தி. இன்னா தோணுதோ அத்த.”

“எனக்கென்ன பைத்தியமா?”

“நானும் அதத்தான் கேட்டேன். மோட்டார் ஓடுது சம்பந்தி. ரொம்பறதுக்குள்ள எழுதிடணும்.”

நேரம் போகிறது என்றால் வியாபாரிக்குக் கை பரபரக்கும். குமரவேல் படியில் ஒரு காலை வைத்தார். முதலில் ‘திரு. தனசேகர்’ என்று எழுதினார், பில் போடுகிற கையெழுத்தில். கொஞ்சம் யோசித்தார். ‘திரு’வை உள்ளங்கையால் அழித்தார். அதற்கப்புறம் யோசிக்கவில்லை.

தனசேகர் திரும்பி, கிணற்றைப் பார்த்து நின்றுகொண்டார். சாக்பீஸ் டேங்கில் கிறீச்சிடுவது கேட்டது. இடையிடையே, “மீசையாம் மீசை,” என்ற முனகலும் கேட்டது.

“அண்ணா,” என்று கிட்டு பின்னாலிருந்து கூவினான். “உன்ன இன்னா எழுதறாரு தெரியுமா? படிக்கட்டா?”

“படிக்காதடா. அது அவுருது.”

சத்யப்ரியா வீட்டுப் பக்கச் சுவரோரம் வந்து நின்றிருந்தாள். அவளும் டேங்கைப் பார்க்கவில்லை.

தண்ணீர் பொங்கியது. குமரவேல் குதித்து இறங்கினார். இறங்கியும் சட்டை நனைந்தது. எழுத்து கறுத்து, கரைந்து, ஒழுகியது. ஒவ்வொரு வரியாகப் போனது. கடைசியில் கீழே இரண்டு மூன்று எழுத்து மட்டும் கொஞ்சம் அடம்பிடித்தது. பிறகு அதுவும் போனது.

“போச்சா?” என்றார் குமரவேல்.

“போச்சு.”

“எல்லாமா?”

“நல்லா பாருங்க.”

நல்லாப் பார்த்தார். மூச்சு வாங்கியது. நனைந்த மீசையைத் துடைத்துக்கொண்டார். துண்டில் லேசாகக் கறுப்பு ஒட்டியது.  கிட்டுகூட வேறு பக்கம் பார்த்தான்.

“ஜல்லி நானே அனுப்பறேன்,” என்றார். சாக்பீஸைத் திருப்பிக் கொடுக்காமல் தன் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் சத்யப்ரியா போனில் பேசிக்கொண்டிருந்தது கூடத்தில் கேட்டது. “மாமா, நீ பந்தி பாத்துக்கோ... ஆமா, அப்பாதான் மாத்தறாரு... சட்டையா? பந்தில போட்டுக்கயேன், யாரு வேணாங்கறா?”

தனசேகர் டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தார். முகத்தை யாரும் பார்க்க வேண்டாம் என்றிருந்தது.

நிச்சயம் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. தெருவில் ஜல்லி கொட்டிச் சமன் செய்திருந்தது. பட்டுப் புடவைகள் சேறு படாமல் வந்து சேர்ந்தன. குமரவேல் ஒரு பக்கம், தனசேகர் ஒரு பக்கம். தட்டு கையில் கனத்தது. வெற்றிலை, பாக்கு, பழம், மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை. ஐயர் படித்து முடித்து, “பெண்ணைப் பெத்தவர் சம்மதத்தைச் சொல்லுங்கோ,” என்றார்.

“எங்களுக்குச் சம்மதம்,” என்றார் தனசேகர்.

“கேக்கல!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். “சத்தமா சொல்லுப்பா!”

பந்தல் முழுக்கச் சிரித்தது. கோகிலவாணி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். பந்திப் பக்கம் பட்டுச் சட்டையோடு நின்ற சிட்டிபாபுவும் சிரித்தான். சத்யப்ரியா சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்து, ஒருமுறை தலையசைத்தாள்.

“இவ்ளதாம்பா சத்தம்,” என்று சொல்லிவிட்டு, தனசேகர் தட்டை மாற்றினார்.

மறுநாள் திங்கட்கிழமை. கரண்ட் இருந்தது. தனசேகர் விடிந்ததும் பந்தல் கம்புகளைப் பிரித்துக்கொண்டு போன வாசலைப் பெருக்கினார். முதல் லோடுக்குக் குழாயை மாட்டினார். டேங்கின் முதுகைத் துடைத்து, பின்படியில் ஏறி எழுதினார். டேங்கு நிரம்பி வழிந்தது. மோட்டாரை அணைத்துவிட்டு மேடவாக்கம் குடியிருப்புக்குப் போனார். யக்ஞநாராயணன் டம்ளரில் தண்ணீர் பிடித்துப் பார்த்தார். தனசேகர் பக்கத்தில் நின்றார். தண்ணீரை இறக்கினார். அடுத்த லோடு சேலையூருக்கு. வரும் வழியில் புத்தகக் கடையில் நிறுத்தி ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கினார். பீர்க்கன்கரணைக்குக் கொடுத்தனுப்ப இன்னொரு பெட்டியும் வாங்கினார். மத்தியானம் வீட்டில் ரசம் இருந்தது.